அம்மாவின் நிலத்தில் இறங்கிய நாரைகள்

என் கண்மணி லமீஸுக்கு உன் பாபா எழுதிக்கொள்வது. நான் சுகம், அம்மா என்னைவிடச் சுகம், இறைவன் புண்ணியத்தில் அடுப்புக்கு விறகும் ஜாடியில் ஆலிவ் எண்ணெயும் இருக்கிறது. நீ அங்கே ஜெர்மனியில் சுகமா என்று போனில் கேட்டால் "நல்லா இருக்கேன் பாபா, அம்மாகிட்ட குடுங்க" என்கிறாய், ஆறு வருஷமாக இதே பாட்டுத்தான். காகிதத்தை அப்படிக் கைமாற்றிவிட முடியாதல்லவா, அதனால் எழுதுகிறேன். உன் அத்தை மகன் ஸமீஹ் வெள்ளிக்கிழமை விமானம் ஏறுகிறான், அவனிடம் இந்தக் கடிதத்தோடு அம்மா போட்ட கத்தரிக்காய் ஊறுகாயும் ஒரு ஜாடி வருகிறது. எண்ணெய் ஒழுகாமல் நானே மூன்று பை சுற்றினேன், ஆனாலும் ஒழுகும், காகிதத்தில் கறை தெரிந்தால் அது ஊறுகாய் எண்ணெய், பாபா அழுதிருக்கிறார் என்று நினைத்துக்கொள்ளாதே. அத்தைக்கு முழங்கால் ஆபரேஷன் நல்லபடி முடிந்தது, மதில் ஓரம் நின்று நம் வீட்டில் என்ன சமையல் என்று எட்டிப் பார்க்கிற அளவுக்குத் தேறிவிட்டாள். பாதாம் இந்த வருஷம் இல்லை, பிஞ்செல்லாம் ஆலங்கட்டியில் போயிற்று. அந்த ஆலங்கட்டி நாளைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். அம்மா உன்னிடம் "நாரை இறங்குச்சு, அப்புறம் போயிடுச்சு" என்று மட்டும் சொன்னாளாமே. அவளுக்குத் தன் பெருமையைப் பேசத் தெரியாது, நான் பேசுகிறேன், கேள்.

அன்று விடிந்ததிலிருந்தே மலைப்பக்கம் கறுத்துக் கிடந்தது. ஒன்பது மணிக்குக் கல் விழ ஆரம்பித்து அரை மணி நேரம் கூரையை உடைக்கிற மாதிரி அடித்தது. நின்றதும் வண்டிக் கண்ணாடி பிழைத்ததா என்று பார்க்க வெளியே வந்தேன், வண்டியை மறந்துவிட்டேன். பம்புக்குக் கிழக்கே நம் கொண்டைக்கடலை வயலில் பயிரே தெரியவில்லை, முழுக்க நாரை. எண்ணூறு இருக்கும். வடக்கே போய்க்கொண்டிருந்த கூட்டம் மேகத்தில் மாட்டிக்கொண்டு அப்படியே இறங்கிவிட்டது. சிறகு நனைந்து தொங்க, ஒரு சத்தமில்லாமல், ரொட்டிக் கடை வரிசையில் நிற்கிற சனம் மாதிரி நின்றிருந்தன. உன் பாபா என்ன செய்தேன் தெரியுமா, மறைக்கப் போவதில்லை, போனை எடுத்து என் வேட்டைக் கூட்டாளி அபூ அக்ரமைக் கூப்பிட்டேன். "ஓடி வா, வானமே நம்ம வயல்ல விழுந்து கெடக்கு, ஒண்ணாலயும் பறக்க முடியாது" என்றேன். நாற்பது வருஷப் பழக்கம், புத்திக்கு முன்னால் கை போய்விட்டது. நாரையை நாங்கள் தின்பதுகூட இல்லை, உனக்குத் தெரியாததா, வண்டி முகப்பில் வரிசையாகப் போட்டுப் படம் எடுத்துவிட்டுக் குழியில் எறிந்துவிடுவோம். நீ பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய் இதைத்தானே வேண்டாம் என்று பேசினாய். உனக்கு நாரைப் பொண்ணு என்று பட்டப்பெயர் வைத்துச் சிரித்த கூட்டத்தில் நானும் ஒருவன்.

அம்மா உள்ளே மாவு பிசைந்துகொண்டிருந்தாள், காது மட்டும் என் போனில் இருந்திருக்கிறது. "இந்தா மனுஷா, யாரக் கூப்ட்டே?" என்றாள். சொன்னேன். கையைக் கழுவினாள், வாசலில் கிடந்த என் ரப்பர் பூட்ஸைக் காலில் மாட்டினாள், நேரே வயலுக்கு நடந்தாள். நான் துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுச் செருப்போடு சேற்றில் பின்னால் ஓடினேன், இந்த மாவீரனின் லட்சணம் அது. பத்து மணிக்கு இரண்டு வண்டி வந்தது. அபூ அக்ரம், நம் பழைய கூட்டாளிகள் நாலு பேர், பெய்ரூத்திலிருந்து அவன் வீட்டுக்கு வந்திருந்த விருந்தாளிகள் இரண்டு பேர், புதுத் துப்பாக்கி, கறுப்புக் கண்ணாடி, எல்லாம் இருந்தது. அம்மா பம்பு மேடையில் ஏறி நின்றாள். அந்த நிலம் அவள் அப்பா அவள் பேருக்கு எழுதியது என்பதும் எனக்கு அதில் ஒரு கல்கூடச் சொந்தமில்லை என்பதும் உனக்குத் தெரியும், வாரத்துக்கு ஒரு தரம் எனக்கு நினைவுபடுத்துவாள். அன்று ஊருக்கே சொன்னாள். "இது என் நிலம். இதுல எறங்கினது எல்லாம் என் அடைக்கலம். வானம் கல்லால அடிச்சு என் வாசல்ல வந்து விழுந்திருக்குதுங்க. காலையிலேர்ந்து என் மண்ணுல புழு தின்னுதுங்க, என் உப்பத் தின்ன மாதிரிதான். இனி இதுல ஒண்ணு மேல குண்டு பட்டா என் மேல பட்டதா ஆகும்" என்றாள்.

நம் ஊரில் அடைக்கலம் என்ற அந்த ஒரு வார்த்தைக்கு என்ன எடை என்று உனக்கு நான் சொல்ல வேண்டாம். ஆனால் பறவைக்கு அதை யார் சொல்லிக் கேட்டது? பெய்ரூத்துக்காரன் ஒருவன் சிரித்துவிட்டான். "அக்கா, நாரை வாயத் தொறந்து அடைக்கலம்னு கேட்டுச்சா, எந்த பாஷையில கேட்டுச்சு?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள், வெட்கத்தோடு சொல்கிறேன், என் வாயும் கொஞ்சம் கோணிற்று. அம்மா அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அபூ அக்ரம், அந்தப் பகை வருஷம் உங்க ரத்தத்துக்கு ஒரு கூட்டமே அலைஞ்சப்போ நீங்க ஓடி வந்து விழுந்தது இந்த வயல்லதான். மூச்சு வாங்கி உங்களால அன்னிக்கு வாயே தொறக்க முடியல. நீங்க கேக்கட்டும்னு எங்கப்பா காத்துக்கிட்டா இருந்தார்?" என்றாள். அவ்வளவுதான், லமீஸ். அபூ அக்ரமின் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். இருபது வயதில் மூன்று வாரம் உன் தாத்தா வீட்டில் ரொட்டி தின்று உயிர் பிழைத்தவன். துப்பாக்கியை மடித்துத் தோட்டாக்களை உருவிச் சட்டைப் பையில் போட்டான். பெய்ரூத்துக்காரன் மட்டும் விளையாட்டு என்று நினைத்து வரப்புப் பக்கம் போனான். அபூ அக்ரம் அவன் தோளில் கை வைத்து, "தம்பி, நீ என் விருந்தாளி, அதனால மரியாதையா சொல்றேன். அந்த வரப்பத் தாண்டினா நீ யாரோ நான் யாரோ" என்றான்.

அப்புறம் அம்மா என்னைப் பார்த்தாள். "ஃபௌஸி, நீ எங்க நிக்கறே?" என்று கேட்டாள். குனிந்து பார்த்தேன். வரப்புக்கு வெளியே, என் ஆட்களோடுதான் நின்றிருந்தேன். தாண்டப் போனேன், செருப்பு சேற்றில் மாட்டிக்கொண்டது, அதை அங்கேயே விட்டுவிட்டு வெறுங்காலோடு அவள் பக்கம் போய் நின்றேன். யாரும் சிரிக்கவில்லை. பன்னிரண்டு மணிக்கு வெயில் வந்தது, நாரைகள் சிறகை விரித்து உலர்த்தின, ஒரு மணி வாக்கில் ஒன்று எழும்பியது, அதன் பின்னால் பத்து, அப்புறம் மொத்த வயலும் எழும்பி நம் வீட்டுக்கு மேலே வட்டம் போட்டு வடக்கே போயிற்று. அபூ அக்ரம் தொப்பியைக் கழற்றிவிட்டான். நான் நாற்பது வருஷம் அவற்றைத் துப்பாக்கிக் குழல் வழியாகத்தான் பார்த்திருக்கிறேன் லமீஸ், அன்றுதான் கண்ணால் பார்த்தேன். முப்பத்தேழு வருஷம் உன் அம்மாவோடு குடித்தனம் நடத்துகிறேன், அவளையும் அன்றுதான் பார்த்தேன். இப்படி ஒருத்தி என் வீட்டில் மாவு பிசைந்துகொண்டிருந்தாள், நான் ஊரெல்லாம் என் வீரத்தைப் பேசித் திரிந்தேன். மிதிபட்ட கடலை பாதிக்கு மேல் போயிற்று, அதற்கு அவள் ஒரு வார்த்தை வருந்தவில்லை. பேசி முடித்து இறங்கியவள் என்னிடம் கேட்டது, "அடுப்ப அணைச்சியா?" என்பதுதான்.

அந்த வாரமே பதினோரு பெண்கள் வீட்டுக்கு வந்தார்கள், "எங்க நெலத்துல எறங்கினாலும் அடைக்கலம்தான், எங்க வீட்டு ஆம்பளைங்ககிட்டயும் நீயே வந்து சொல்லு" என்று. அம்மா போய்ச் சொல்லிவிட்டு வருகிறாள், என் பூட்ஸில்தான். அபூ அக்ரம் தினமும் காலையில் பம்பு அறைக் கூரையில் தொலைநோக்கியோடு உட்கார்ந்துகொண்டு வானத்துக்குக் காவல் என்கிறான், அவனுக்குக் காபி கொண்டுபோகும் வேலை எனக்கு. ஒரே ஒரு நாரை போகவில்லை, கல் பட்டுச் சிறகு ஒடிந்திருக்கிறது, கோழிக் கூண்டில் இருக்கிறது. விடிந்தால் அலகைப் படபடவென்று அடித்து என்னை எழுப்புகிறது. பேக்கா சமவெளியில் குறி தப்பாத ஃபௌஸி இப்போது அதற்கு வாய்க்காலில் தவளை பிடிக்கிறான், அதுவும் பாதி தப்பித்துவிடுகிறது, ஊரே வேடிக்கை பார்க்கிறது.

இனி எழுதப்போவதை எழுத மூன்று நாள் ஆயிற்று. நீ புறப்படுவதற்கு முந்தின வாரம் என் வண்டிச் சாவியில் கோர்த்திருந்த கறுப்பு வளையத்தைக் கையில் எடுத்துப் பார்த்தாய். நாரைக் காலில் மாட்டுகிற வளையம் என்று உனக்குத் தெரியும், அதிலிருந்த எண்ணைப் படித்தாய், எங்கே கிடைத்தது பாபா என்றாய். வழியில் கிடந்தது என்று சிரித்தேன். நீ என்னையே பார்த்துவிட்டுச் சாவியை மேஜையில் வைத்தாய். அன்று நீ அழுதாய் என்று அம்மா இப்போதுதான் சொன்னாள். அது வழியில் கிடக்கவில்லை, லமீஸ். நான் பொய் சொன்னேன். சுட்டதைவிட அந்தப் பொய்தான் உன்னை அவ்வளவு தூரம் கொண்டுபோய் வைத்தது என்று நினைக்கிறேன். மன்னித்துவிடு என்று போனில் சொல்லப் பலமுறை வாயெடுத்தேன், வரவில்லை.

வளையத்தை இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன். எங்கோ யாரோ அந்தப் பறவைக்கு எண் போட்டு, அது எங்கே போயிற்று என்று இன்னும் காத்திருப்பார்கள் என்று நீதான் சொல்வாய். அவர்களுக்கு எழுதிப் போடு. இடம், உன் அம்மாவின் கொண்டைக்கடலை வயல். நாள், நீ பள்ளி இறுதித் தேர்வு எழுதிய வருஷம் ஏப்ரல் மாதம், தேதி நினைவில்லை, வெள்ளிக்கிழமை. எப்படிச் செத்தது என்று கேட்டால் ஒன்றையும் மூடி மறைக்காதே.

இறைவன் உன்னை எல்லாக் கெடுதலிலிருந்தும் காக்கட்டும், உன் கைவேலையில் பரக்கத்தும் பெருக்கமும் கொடுக்கட்டும். குளிரில் தலையை மூடிக்கொள். ஒடிந்த சிறகை எத்தனை நாள் கட்டி வைக்க வேண்டும், தவளை கிடைக்காத நாளில் என்ன போடலாம் என்று மறக்காமல் சொல், அம்மாவிடம் அல்ல, என்னிடம் சொல், கூண்டு என் பொறுப்பு. வளையம் போட்டவர்கள் சுட்டவன் பெயர் என்று கேட்டிருந்தால் தயங்காமல் முழுப் பெயரையும் எழுது, எழுத்துப்பிழை வராமல் இருக்கக் கீழே தெளிவாகப் போட்டிருக்கிறேன்.

ஃபௌஸி நாயிஃப் ஸர்ஹான்,
உன் பாபா