மதிலடியில் ஒரு பொட்டு

கோப்பாய்,
09.06.2024

அன்புள்ள சாரு,

இங்கே எல்லோரும் நலம். நீயும் அந்த நாட்டு மழையையும் பாண் சாப்பாட்டையும் சமாளித்துக்கொண்டு சுகமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். தொலைபேசியில் நீயும் நானும் கதைக்கத் தொடங்கினால் நேரம் போகிறது, விஷயம் போய்ச் சேர்வதில்லை. அதனால்தான் ஆறுதலாக இருந்து முழுக் கடிதமாகவே தட்டுகிறேன்.

நல்ல செய்தி ஒன்று. சாவகச்சேரிக்கு உள்ளே, வயற்கரையோரம், பதினான்கு வீடுகள் கட்டுகிறார்கள். அந்தச் சிறு குடியிருப்பில் மரங்களுக்கும் பறவைகளுக்கும் மற்றச் சீவன்களுக்கும் எங்கே இடம் விடுவது என்று திட்டம் போடும் வேலையை, வீட்டுத்திட்டத்துக்குப் பொறுப்பான தியாகலிங்கம் சேர் என்னிடம் தந்திருக்கிறார். கிளிநொச்சி விடுதியில் படிப்பை விட்டுவிட்டு நீயும் நானும் படம் கீறிக் கீறி அழித்த அதே வேலை. இப்போது சம்பளத்தோடு!

காணிக்குக் கிழக்கே சிறு குளம், மேற்கே வெள்ளவாய்க்கால். மாரி தொடங்கினால் ஆமைகள் குளத்திலிருந்து வாய்க்காலுக்கு நடக்கின்றன. அவை நடக்கிற வழியில்தான் வீடுகள் வரப்போகின்றன. வீடும் வர வேண்டும், ஆமையும் போக வேண்டும். இதுதான் இப்போது என் தலையிடி.

துணைக்குக் கிறிஸ்ரினா என்று ஒரு பிள்ளை வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். ஊர் பாசையூர், கடற்கரை. சரியான வாய்க்காரி, உனக்குப் பிடிக்கும். மத்தியானத்தில் அவளுடைய கணவாய்க் கறியும் என்னுடைய கத்தரிக்காய்க் குழம்பும் ஒரே வாழையிலையில்தான்.

வரைபடத்தை இணைத்திருக்கிறேன். பார்த்துத் திட்டு.

அன்புடன்,
சுபாஜினி


உட்ரெக்ட்,
16.06.2024

என் சுபாவுக்கு,

வரைபடத்தை இரண்டு நாளாகத் திறந்துவைத்துக்கொண்டிருக்கிறேன். வாசிக்க வேண்டிய பாடங்கள் ஒருபக்கம் கிடக்கின்றன.

குளத்தடியில் தெருவிளக்கு போட்டிருக்கிறாய். வெளிச்சம் தண்ணீரில் விழாமல் கீழே சரித்து மூடு, பூச்சிகளும் தவளைகளும் பிழைக்கும். குளத்தின் ஒரு கரையை ஒருவரும் துப்புரவாக்கக் கூடாது என்று எழுதி வை. எங்கள் சனத்துக்குப் புல்லைக் கண்டால் கை சும்மா இராது. வாசலில் எல்லோருக்கும் வேம்பு கொடுப்பதை விட நாவலும் இலுப்பையும் கலந்து கொடு. வாய்க்கால் ஓரத்தில் மருது.

நீ கீறினாயா, அவள் கீறினாளா? இலுப்பையை விட்டது நீயாக இருக்காது என்பதால் கேட்கிறேன்.

கணவாயா? விடுதியில் நான் மீன் பொரித்தால் யன்னலைத் திறந்துவைத்து மூக்கைப் பொத்தியவள் நீ. பாசையூர்க் கணவாய் மட்டும் தொண்டையால் இறங்குகிறதாக்கும். நல்லது. ருசி மாறுவது உடம்புக்கு நல்லதுதான்.

உன்,
சாரு


கோப்பாய்,
14.07.2024

அன்புள்ள சாரு,

விளக்கைச் சரித்துவிட்டோம். இலுப்பையும் வந்துவிட்டது. (விட்டது நான்தான், எருமை!)

வெள்ளிக்கிழமை குடும்பங்களோடு கூட்டம். அவர்களுக்குச் சுற்றிவர மதில் வேண்டும். எத்தனையோ வருடம் மற்றவர்களுடைய காணிகளில் கொட்டில் போட்டு இருந்த சனம், ஒரு மதிலுக்கு ஆசைப்படுவதை எப்படிக் குறை சொல்வது? அதனால் மதிலே கட்டட்டும், ஆனால் ஒவ்வொரு மதிலடியிலும் ஒரு ஆமை நுழையும் அளவுக்கு, வேலிகளில் விடுவது போல, ஒரு பொட்டு விடுவோம் என்று தீர்மானித்தோம். கூட்டத்தில் சொன்னதும் இராசமலர் அக்கா எழும்பிவிட்டார்.

"ஏன் பிள்ளை, ஆமைக்கும் காணி உறுதி எழுதிக் குடுக்கப் போறியளோ?"

எல்லோரும் சிரிக்கிறார்கள். கிறிஸ்ரினா விடவில்லை.

"உறுதி உங்களுக்குத்தான் அக்கா. அது பாவம், வழி மட்டும்தான் கேக்குது."

"கோழி போனா ஆர் பிடிக்கிறது?"

"நிலத்தோடை பதிவாத்தான் விடுவம். உங்கடை கோழி முழங்காலிலை நடக்குமெண்டா சொல்லுங்கோ, இன்னும் பதிப்பம்."

அக்காவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "சரி, போகட்டும். ஆனா நான் நடுற தேசிக்கண்டைத் தின்னுதெண்டால் கறிதான்." எல்லோரும் சம்மதித்தார்கள். திரும்பி வரும்போது கிறிஸ்ரினாவின் ஸ்கூட்டியில் நாங்கள் சிரித்த சிரிப்பில் கைதடிப் பாலத்தில் ஒரு பஸ்காரன் ஹோன் அடித்து ஏசிவிட்டுப் போனான்.

நீ இருந்திருக்க வேண்டும்.

சுபா


உட்ரெக்ட்,
28.07.2024

சுபா,

"நீ இருந்திருக்க வேண்டும்" என்று கடைசி வரியில் எழுதியிருக்கிறாய். கடிதம் முழுக்க நீங்கள் இருவரும் நடக்கிறீர்கள், சாப்பிடுகிறீர்கள், சிரிக்கிறீர்கள், பிறகு வாசற்படியில் எனக்கும் இருக்க ஒரு கதிரை.

இங்கே போன கிழமை ஒரு சின்னக் கிராமத்துக்குக் கூட்டிப்போனார்கள். குளம், பற்றை, வௌவாலுக்குப் பெட்டி என்று வீடுகளுக்கு இடையில் எல்லாம் செய்திருக்கிறார்கள். பார்த்துக்கொண்டு நிற்க எனக்கு வயிறு எரிந்தது. அவர்களைப் பார்த்து இல்லை.

ஒன்று சொல்ல வேண்டும். சேர் உங்கள் திட்டத்தை எனக்கு அனுப்பி, "நீர் ஒருக்காப் பாத்துச் சொல்லும்" என்று கேட்டிருந்தார். அந்தப் பொட்டு வேண்டாம் என்று எழுதிவிட்டேன். நாயும் பாம்பும் வரும், அயலுக்குள் சண்டை வரும் என்று எழுதினேன். வேலிச் சண்டை என்றால் என்னவென்று கடற்கரையில் வளர்ந்தவளுக்கு எப்படித் தெரியும்? எங்கள் பக்கத்தில் ஒரு பொட்டை அடைத்ததற்காகச் செத்தவீட்டுக்கே போகாத ஆட்கள் இருக்கிறார்கள். அவளுடைய யோசனைக்கு நாளைக்கு நீ பேச்சு வாங்கக் கூடாது என்றுதான் எழுதினேன்.

கோபிக்காதே.

சாரு


கோப்பாய்,
11.08.2024

சாருஜா,

பொட்டு என்னுடைய யோசனை.

எங்கள் வீட்டுக்கும் பூரணம் மாமி வீட்டுக்கும் இடையில் வேலியில் ஒரு பொட்டு இருப்பது உனக்குத் தெரியும். நீயும் அதால் குனிந்து போய் மாங்காய் பிடுங்கியிருக்கிறாய். அம்மாவோடு கோபமென்றால் மாமி அதில் ஓலையைச் சாத்துவார். கோபம் ஆறினால் எடுப்பார். போன மாரியில் அதால் ஒரு ஆமை, தன் பாட்டுக்கு, அம்மாவையும் மாமியையும் பற்றிக் கவலையில்லாமல் போனது. அதைப் பார்த்துத்தான் எனக்கு யோசனை வந்தது.

கூட்டத்தில் அதைச் சொல்ல எழும்பியவளும் நான்தான். இராசமலர் அக்கா பகிடி விட்டதும் எனக்கு வாய் அடைத்துவிட்டது. கிறிஸ்ரினா எனக்காகக் கதைத்தாள்.

இப்போது சேர், "வெளிநாட்டிலை உதையே படிக்கிற பிள்ளை வேண்டாமெண்டு எழுதியிருக்கு, நீங்கள் என்ன விளையாடுறியளோ?" என்று எங்கள் இருவரையும் நிற்கவைத்துக் கேட்டார். பொட்டு இல்லை. நல்லூர்த் தேர் முடிய மேசன் எமில்ராஜ் அண்ணை மதில் தொடங்குகிறார். அத்திவாரத்திலிருந்தே அடைத்துக் கட்டச் சொல்லியாகிவிட்டது.

ஆமைகளுக்கு இந்த மாரியில் யார் வழி சொல்வது?

சுபாஜினி


உட்ரெக்ட்,
12.08.2024

சுபா,

அது உன்னுடையது என்று எனக்கு எப்படித் தெரியும்? நீ ஒரு இடத்திலும் எழுதவில்லையே. "தீர்மானித்தோம்", "விடுவோம்" என்று எழுதினால் நான் என்னவென்று எடுப்பது? உன்னுடையது என்று தெரிந்திருந்தால் சேருக்கு ஒரு வரியும் எழுதியிருக்க மாட்டேன். சத்தியமாக.

சாரு


கோப்பாய்,
18.08.2024

சாருஜா,

உன் சத்தியத்தை நம்புகிறேன். அதுதான் கவலை. என்னுடையது என்றால் நாயும் இல்லை, பாம்பும் இல்லை, சண்டையும் இல்லை. அவளுடையது என்றால் எல்லாம் வரும்.

கிறிஸ்ரினாவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. யாரோ பெரிய படிப்புக்காரி ஒருத்தி மறுத்துவிட்டாள் என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். "உம்மடை சிநேகிதி அங்கை வெளிநாட்டிலைதானே படிக்கிறா, அவவைக் கொண்டு ஒருக்காச் சொல்லுவிப்பமே?" என்று கேட்டாள். நான் தேத்தண்ணி ஊற்றப் போய்விட்டேன்.

உன்னிடம் ஒன்றுதான் கேட்கிறேன். சேருக்கு நீயே திரும்ப எழுது. உன் சொல்லைத்தான் கேட்பார். படிப்பு முடிய ஆலோசகராக எடுப்பேன் என்று அவர் உனக்குச் சொல்லியிருப்பதும், ஒருமுறை எழுதியதை மாற்றி எழுதுகிற ஆட்களை அவருக்குப் பிடிக்காது என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்கிறேன்.

தேருக்கு முன் எழுதினால் நல்லது.

சுபாஜினி


உட்ரெக்ட்,
29.08.2024

சுபா,

சேருக்கு எழுதிவிட்டேன். பொட்டு சரியான யோசனை, நான் எழுதிய காரணங்களுக்கு ஆதாரம் இல்லை, இது எங்கள் வலிகாமத்து வேலிகளில் காலங்காலமாக இருப்பதுதான், குளத்துக்கும் வாய்க்காலுக்கும் இடையே மதிலை அடைத்தால் இத்தனை மரம் நட்டும் பாதிப் பயன்தான் என்று எழுதினேன். யோசனை உன்னுடையது என்றும் எழுதினேன்.

நேற்றுப் பதில் வந்தது. "சரி பிள்ளை, விடச் சொல்லுறன்" என்று ஒரு வரி. முன்பெல்லாம் "கெதியா முடிச்சிட்டு வந்து எங்களோடை சேரும்" என்று கடைசியில் எழுதுவார். இந்த முறை அது இல்லை. பரவாயில்லை. எமில்ராஜ் அண்ணையிடம் ஒருமுறை நேரில் சொல்லிவிடு, மேலிடத்துச் செய்தி மேசனுக்கு வந்து சேர மாரி முடிந்துவிடும்.

கூட்டத்தில் சனத்தைச் சம்மதிக்க வைத்தது யார் என்பதையும் எழுதத்தான் தொடங்கினேன். பெயரைத் தட்டினேன், அழித்தேன். திரும்பத் தட்டினேன். கடைசியில் "சக உத்தியோகத்தர் ஒருவர்" என்று விட்டுவிட்டேன். எவ்வளவோ படித்தவள்தான், ஆனாலும் இதற்கு மேல் என் கை போகவில்லை. நீ வேண்டுமென்றால் சேருக்குச் சொல். அவளுக்கும், மறுத்தது நான்தான் என்று சொல்.

இங்கே மரங்கள் நிறம் மாறத் தொடங்கிவிட்டன. அங்கே இனி ஆகாயம் கறுக்கும். முதல் மழைக்கு நீ எப்படியும் அந்த மதிலடியில் போய் நிற்பாய். ஆமை போவதைக் கண்டால் எனக்கு எழுது.

நீங்கள் இருவரும் சேர்ந்து கண்டால், எழுதாதே.

சாருஜா