தையற்காரர் பார்த்த கிரிக்கெட்

குவைத்
12.02.2006

அன்பின் மச்சானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நான் சுகம். நம்முடைய மகள் முப்லிஹாவுக்கு இருமல் விட்டதா? வெள்ளிக்கிழமைகளில் போன் எடுத்தால் ஐந்து நிமிடமும் அவள் அழுவதிலும் நான் அழுவதிலும் போய்விடுகிறது. கடிதம்தான் சரி. கடிதத்தில் அழுதால் மை கரையும் என்ற பயத்திலாவது கொஞ்சம் அடக்கமாக இருப்பேன்.

ஒரு காரியம் கேட்கப் போகிறேன், சிரிக்கக் கூடாது. ஊரில் கிரிக்கெட் தொடங்கியிருக்கும். நீங்கள் போய்ப் பார்த்து எனக்கு எழுத வேண்டும். "எனக்கும் அதுக்கும் என்னகா சம்பந்தம்?" என்று நீங்கள் கேட்பது இங்கே கேட்கிறது. சம்பந்தம் நான்தான்.

என் தம்பி றவூப் பந்து போட்ட கழகம் நம்முடைய ஊர்க் கழகம். கடல் வந்து அவனைக் கொண்டுபோன பிறகு ஒரு ஆட்டமும் நான் பார்க்கவில்லை. முந்தியெல்லாம் மைதானத்தை ஒட்டிய நபீஸா மாமியின் வளவில் உரலைக் கவிழ்த்து, அதில் ஏறி நின்று, மதிலுக்கு மேலால் எத்தனை ஆட்டம் பார்த்திருப்பேன்! அவன் ஓடி வருவான், எனக்கு மூச்சு வாங்கும். நான் வேலை செய்கிற இந்த வீட்டில் பெரிய டிவி இருக்கிறது, முழு நாளும் அரபு நாடகம். மேடத்துக்குக் கிரிக்கெட் என்றால் என்னவென்றே தெரியாது.

கடலோடு போன வீட்டை மகளுக்காகத் திரும்பக் கட்டத்தான் வந்தேன். "ரெண்டே வருசம், மறுகா வந்திடுவன்" என்று சொல்லித்தானே வந்தேன். அதுவரைக்கும் இந்த ஒன்றை எனக்காகச் செய்யுங்கள்.

உங்கள்
றஸீனா

காத்தான்குடி
05.03.2006

அன்பின் றஸீனாவுக்கு, வஅலைக்குமுஸ்ஸலாம்.

மகளுக்கு இருமல் இல்லை. பள்ளிக்கூடம் போகிறாள். உம்மாவுக்குச் சொல்லுங்க, நான் அழறல்ல என்று எழுதச் சொன்னாள்.

நீ சொன்னாய் என்பதற்காகக் கடையைப் பூட்டிவிட்டுப் போனேன். முழு நாளும் நிழலில் இருந்து தைக்கிறவனை ஐந்து மணித்தியாலம் வெயிலில் குந்தவைத்த புண்ணியம் உனக்கு. ஒருவன் ஓடுகிறான், பத்துப் பேர் சும்மா நிற்கிறார்கள். பிறகு எல்லாரும் இடம் மாறி மறுபடி சும்மா நிற்கிறார்கள். இதற்கு நீ உரலில் ஏறி நின்றாயா?

எழுத வேண்டும் என்பதால் கவனமாகப் பார்த்தேன். நம்முடைய விக்கெட் காப்பாளரின் காற்சட்டை இடுப்பில் இரண்டு அங்குலம் குறைவு. எவன் தைத்தானோ! குனிந்து குனிந்து நின்றதில் பின்பக்கத் தையல் மெல்ல மெல்ல விட்டு, கடைசியில் முழுதாக விட்டது. அந்த நேரம் பார்த்து எல்லாரும் எழும்பிக் கைதட்டினார்கள். அதற்குத்தானாக்கும் என்று நானும் தட்டினேன். அவர்கள் தட்டியது வேறு எதற்கோ என்று பிறகுதான் தெரிந்தது. வெளியே வரும்போது யார் வென்றது என்று விசாரித்தேன். நாம்தானாம்.

உண்மையைச் சொல்கிறேன். ஆட்டத்தைப் பார்த்ததைவிட நபீஸா மாமியின் மதிலைத்தான் அதிகம் பார்த்தேன். அதற்கு மேலால் ஒரு தலையும் தெரியவில்லை.

கச்சி முகம்மது

குவைத்
02.04.2006

அன்பின் மச்சானுக்கு,

உங்கள் கடிதத்தைக் குளியலறையில் வைத்து மூன்று தரம் வாசித்தேன். சத்தமாகச் சிரித்துவிட்டேன் போல, மேடம் வந்து கதவைத் தட்டினா. மதிலைப் பற்றி எழுதியதை நாலாம் தரமும் வாசித்தேன். அப்போது சிரிக்கவில்லை.

இனி நான் சொல்வதைக் கேளுங்கள். காற்சட்டையைப் பார்க்க வேண்டாம், பந்தைப் பாருங்கள். போடுகிறவன் வலக்கையா, இடக்கையா? எத்தனை எட்டு ஓடி வருகிறான்? அடிக்கிறவனின் முன்கால் எங்கே போகிறது? சும்மா நிற்கிறார்கள் என்று நீங்கள் எழுதிய பத்துப் பேரும் சும்மா நிற்கவில்லை, ராசா. யார் எங்கே நிற்கிறார் என்று ஒரு படம் கீறி அனுப்புங்கள். துணியில் சோக்கட்டியால் கீறுகிற மனுசனுக்கு அது பெரிய வேலையா?

றவூப்புக்குப் பிறகு பந்து போட யார் வந்திருக்கிறார்கள்? எழுதுங்கள். மனம் பொறுக்கும்.

றஸீனா

காத்தான்குடி
19.08.2007

அன்பின் றஸீனாவுக்கு,

இந்த வருடம் தொடக்கத்தில் ஆட்டமே இல்லை. வாவிக்கு அந்தப் பக்கம் ஷெல் அடி. படுவான்கரைச் சனம் சட்டிபானையோடு இந்தப் பக்கம் வந்து மைதானங்களில் கூடாரம் போட்டு இருந்தார்கள். ஜூலையில்தான் பெடியன்கள் மறுபடி மட்டையைத் தூக்கினார்கள்.

றவூப்பின் இடத்தில் இப்போது இடக்கையன் ஒருவன் போடுகிறான். பதினோரு எட்டு ஓடி வருகிறான், நான் எண்ணினேன். முதல் இரண்டு பந்தும் வெளியே போகும், அடிக்கிறவன் விட்டுவிடுவான். மூன்றாவதும் வெளியேதான் என்று அவன் மட்டையைத் தூக்கும்போது அது உள்ளே திரும்பி வந்து தடியை விழுத்தும். நேற்று அப்படி இரண்டு பேர் போனார்கள். நான் எழும்பி நின்று கத்திவிட்டேன். பக்கத்தில் இருந்த தம்பி ஒருவன், "தைக்கிற காக்கா, நீங்களா?" என்று கேட்டான். எனக்கே வெட்கமாகப் போயிற்று. கிட்டத்தட்ட இருபது ஆட்டம் உனக்கு எழுதிவிட்டேன், தெரியுமா?

அடுத்த மாதம் உன் இரண்டு வருடம் முடிகிறது. இடக்கையனை நீயே வந்து பார். உரலைக் கழுவி வைக்கச் சொல்லி நபீஸா மாமியிடம் சொல்லிவிட்டேன். மகள் பெரியவளாகிவிட்டாள், அவளுக்குச் சொல்ல வேண்டிய பல விஷயங்கள் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

கச்சி முகம்மது

குவைத்
10.09.2007

அன்பின் மச்சானுக்கு,

கோபிக்காமல் வாசியுங்கள். இன்னும் இரண்டு வருட வேலைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

சுவர் எழும்பி நிற்கிறது என்று படம் அனுப்பினீர்கள். கூரை இல்லை, கதவு இல்லை. நம்முடைய ஊரில் பெண்பிள்ளைக்குச் சீதனமாகக் கொடுக்க வீடு இல்லாவிட்டால் என்ன கதை கதைப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியாதா? நான் அங்கே வந்து உங்கள் பக்கத்தில் இருந்தால் எனக்கு நிம்மதி, அவளுக்கு என்ன?

இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை என்று எழுத நினைத்தேன். பொய் எழுத வரவில்லை. தயவுசெய்து ஆட்டம் எழுதுவதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். மற்ற எதை நிறுத்தினாலும் தாங்குவேன்.

றஸீனா

காத்தான்குடி
30.10.2007

றஸீனாவுக்கு,

கடிதம் கிடைத்தது. முப்லிஹா வாசித்துவிட்டு மடித்துத் தந்தாள்.

நேற்று மழைக்கு முந்திய கடைசி ஆட்டம். நான் போகவில்லை. கடையில் இருந்து தைத்தேன். என்னைக் கேட்டா கையெழுத்துப் போட்டாய்? நான் யாருக்காக வெயிலில் காய வேண்டும்?

பின்குறிப்பு: போய்வந்தவரிடம் கேட்டேன். இடக்கையன் நாலு விக்கெட். நாம் வென்றோம்.

கச்சி முகம்மது

காத்தான்குடி
10.08.2009

அன்பின் றஸீனாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

சண்டை முடிந்து மூன்று மாதம். சுனாமியோடு நின்றுபோன, தன்னாமுனை ஊர்க்காரரோடு ஆடுகிற ஆட்டத்தை நேற்று முன்தினம் மறுபடி நடத்தினார்கள். அந்த ஆட்டத்தின் பேரைச் சொன்னாலே நீ இரண்டு நாளுக்குச் சமைக்காமல் திரிவாய், நினைவிருக்கிறதா? அவர்கள் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். நம்முடைய ஆட்கள் சோடா கொடுத்தார்கள். தொடங்குமுன் இரண்டு பக்கத்திலும் கடலில் போனவர்களின் பேரை வாசித்தார்கள். முதல் பேர் றவூப். நான் குனிந்துகொண்டு நின்றேன்.

அவர்கள் அடித்தது நூற்று இருபத்தெட்டு. நம்முடைய பக்கம் நன்றாகத்தான் தொடங்கியது. நடுவில் ஐந்து பேர் அடுத்தடுத்துப் போனார்கள். கடைசி ஓவர். ஒன்பது ஓட்டம் வேண்டும், கையில் ஒரே விக்கெட். நம்முடைய இடக்கையன்தான் மட்டையோடு நிற்கிறான், அவனுக்கு மட்டை பிடிக்கவே தெரியாது. முதல் பந்து, ஒன்றுமில்லை. இரண்டாவது, காலில் பட்டு ஓடி இரண்டு. மூன்றாவது, ஒன்றுமில்லை. நான்காவது நாலு! மைதானமே எழும்பியது. ஐந்தாவது, ஒன்றுமில்லை.

கடைசிப் பந்துக்கு மூன்று ஓட்டம். பெடியன் கண்ணை மூடிக்கொண்டு ஓங்கி அடித்தான். பந்து தென்னைகளுக்கும் மேலே போயிற்று. எல்லைக்கோட்டில் அவர்களுடைய தலைவர் உதயரூபன், வெயில் கண்ணில் குத்தக் குத்த, அண்ணாந்து பார்த்தபடி பந்துக்குக் கீழே ஓடி வருகிறார்.

இவ்வளவுதான் எழுதுவேன்.

முடிவை நான் எழுதமாட்டேன். போனிலும் சொல்லமாட்டேன். உனக்குச் சொல்லக் கூடாது என்று மகளிடம் சொல்லிவிட்டேன், நபீஸா மாமியிடமும் சொல்லிவிட்டேன். அடுத்த மாதம் நீ மறுபடி கையெழுத்துப் போடுகிற மாதம். வீட்டுக்குக் கூரை போட்டாயிற்று. கதவுக்கு என் சாரத்தைத் தொங்கவிட்டாலும் பரவாயில்லை. கோபத்தில் விட்ட அந்த ஒரு ஆட்டத்தைத் தவிர, மூன்றரை வருடமாக உனக்காக மைதானத்துக்குப் போனேன். போய்ப் போய் எனக்கும் பைத்தியம் பிடித்துவிட்டது, ஆனால் பக்கத்தில் இருந்து கதைக்க ஆள் இல்லை. எனக்கு நீ வேண்டும், றஸீனா. இதை இதற்கு முன் எழுதாதது என் பிழை.

பந்து இன்னும் மேலேதான் நிற்கிறது. அது என்ன ஆயிற்று என்று தெரிய வேண்டுமென்றால் வா.

கச்சி முகம்மது

குவைத்
27.08.2009

அன்பின் மச்சானுக்கு, வஅலைக்குமுஸ்ஸலாம்.

இன்று ஆறாம் நோன்பு. உங்கள் கடிதம் நேற்றுத்தான் கிடைத்தது.

முடிவு எனக்குத் தெரியும். கடிதம் வருவதற்கு ஒன்பது நாள் முன்பே தெரியும். பக்கத்து வீட்டில் மேனுகா என்று ஒரு பிள்ளை வேலை செய்கிறாள், தன்னாமுனைக்காரி. உங்களுடைய உதயரூபன் அவளுடைய அண்ணனாம். குப்பை போடப் போன இடத்தில் என்னைக் கண்டதும், "அக்கா, நாங்க வெண்டிட்டம்! அண்ணன்தான் கடைசிக் கேட்ச்ச எடுத்தவர்!" என்று துள்ளினாள். வாயைப் பொத்த எனக்கு நேரம் கிடைக்கவில்லை.

எனக்கு முதலில் அழுகைதான் வந்தது. றவூப்பின் பேரை வாசித்த ஆட்டத்தில் தோற்றுவிட்டோமே என்று. பிறகு அவள் இன்னொன்று சொன்னாள். "ஆட்டம் முடிஞ்சி எல்லாரும் போன பிறகும் ஒராள் மதிலடியில குந்தி இருந்து அழுதவராம் அக்கா. அவுட்டான பெடியன்ட தகப்பனோ எண்டு அண்ணன் கேட்டிருக்கார். இல்ல, அவர் றவூப்பிட மச்சான், தையல் கடைக்காரர் எண்டு சொன்னாங்களாம்."

ஒரு பந்துக்காக அழுகிற ஆள் இல்லை நீங்கள். சுனாமியன்று கூட என் முன்னால் நீங்கள் அழவில்லை. தோற்றதை எனக்கு எப்படி எழுதுவது என்றுதானே அழுதீர்கள்? அங்கே ஒருவர் எனக்காக மதிலடியில் இருந்து அழ, நான் இங்கே யாருடைய வீட்டுக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருக்கிறேன் என்று அந்தக் குப்பைத் தொட்டியடியில் நின்று யோசித்தேன். அன்று பின்னேரமே மேடத்திடம் போய் இனிக் கையெழுத்துப் போடமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். கத்தினா. கத்தட்டும்.

நீங்கள் பொத்திப் பொத்தி வைத்த முடிவு உங்களிடமே இருக்கட்டும். நாம் தோற்றது தெரிந்துதான் வருகிறேன். செப்டம்பர் பதினாலாம் திகதி விமானம். வேன் பிடித்து ஊரையெல்லாம் ஏற்றிக்கொண்டு வராதீர்கள், நீங்களும் மகளும் மட்டும் வாருங்கள்.

முப்லிஹாவுக்குப் பெருநாள் சட்டை வாங்கலாம் என்று கடைக்குப் போனேன். எந்த அளவு என்று கேட்டான். எனக்குத் தெரியவில்லை. துணியாக வாங்கி வைத்திருக்கிறேன். அளவை எழுதி அனுப்ப வேண்டாம், வந்து பார்த்துக்கொள்கிறேன்.

உங்கள்
றஸீனா