உன் கிற்றாரில் நான் போட்ட பதினொரு ஓட்டைகள்

என் ஆசை ஜெகன் அண்ணாவுக்கு,

திட்டாமல் கேள். உன் கிற்றாரில் ஓட்டை போட்டுவிட்டேன். ஒன்றிரண்டு இல்லை, பதினொன்று. முன்பெல்லாம் அதன் கம்பியைத் தொட்டாலே என் தலையில் குட்டுவாய். குட்ட ஆளில்லை என்ற துணிச்சலில்தான் டிரில்லரைக் கையில் எடுத்தேன்.

ஐந்து வருடமாக உனக்கு ஒரு வரி எழுதியதில்லை. செத்துப்போனவர்களுக்குத்தானே இப்படி எழுதுவார்கள். நீ சாகவில்லை என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்த வீட்டில் நான் எப்படி எழுதுவது?

கடல் ஊருக்குள் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் நானும் கடலுக்கு எட்டாத கரடியனாற்றில் மாமா வீட்டில் நின்றோம். நீ மட்டும் ஆரையம்பதியில், கடற்கரையோரத்து வீட்டில், முதல் நாள் கச்சேரி அலுப்பில் தூங்கிக்கொண்டிருந்தாய். நாங்கள் வந்து பார்த்தபோது கிணறும் குசினிச் சுவரில் ஒரு பக்கமும்தான் மிஞ்சியிருந்தன. நீ கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் உன் கிற்றார் கிடைத்தது. தாழம்பற்றைக்குள் சேறு அப்பிக் கிடந்தது. அதைத் தூக்கிக்கொண்டு வந்தவரை அம்மா கும்பிட்டார்.

அன்றைக்கே யாரோ ஒரு பெண் வந்து சொன்னாள், தலையில் காயத்தோடு ஒரு பொடியனை வடக்கே போன லொறியில் ஏற்றினார்களாம். உயரமாம், சுருட்டை முடியாம். அந்தப் பெண்ணின் பெயரைக்கூட நாங்கள் கேட்கவில்லை. உயரமாய், சுருட்டை முடியோடு மட்டக்களப்பில் எத்தனை பொடியன்கள் இருப்பார்கள்? ஆனால் அம்மாவுக்கு அது போதுமாக இருந்தது. பிறகு சண்டை மூண்டு வடக்குப் பாதைகள் பூட்டுப்பட்டபோது அது இன்னும் வசதியாகப் போய்விட்டது. நீ வராததற்குப் பாதையைக் காரணம் சொல்லலாம்.

உனக்குத் தெரியாத புது வீடு இது. வாவிப் பக்கம் கட்டித் தந்தார்கள். அம்மா தன் கட்டிலோரம் சுவரில் உன் கிற்றாரைச் சாய்த்து வைத்திருந்தார். தினமும் பழைய சேலைத் துண்டால் துடைப்பார். உன் படத்துக்கு மாலை கிடையாது, விளக்கு கிடையாது, திவசம் கிடையாது. உப்புத் தின்று கறுத்துப்போன கம்பிகளை வெட்டி எறியட்டுமா என்று ஒருநாள் கேட்டேன்.

"அவன் கட்டின கம்பி. அவன்தான் வந்து கழட்டணும்" என்றார்.

எனக்குச் சும்மா இருக்கத் தெரியாது, உனக்குத் தெரியும்தானே. அந்தக் கிற்றார் மூலையில் சும்மா இருக்க இருக்க எனக்குக் கை காலெல்லாம் பரபரவென்று வரும். எத்தனையோ தடவை எழும்பி வெளியே போய் நின்றிருக்கிறேன்.

இந்த வருடம் சண்டை முடிந்தது. ஊரில் சிலர் வெடி கொளுத்தினார்கள். அம்மா உடுப்புப் பையை அடுக்கினார். வவுனியாவில், சண்டைக்குள்ளிருந்து வந்தவர்களை வைத்திருந்த முகாம்களின் கம்பி வேலிக்கு வெளியே ஐந்து நாட்கள் நின்றோம் அண்ணா. நீ கிற்றாரோடு நிற்கிற படத்தை அம்மா வேலியில் வைத்துக் காட்டிக்கொண்டே போனார். உள்ளே நின்ற ஒரு தாய் அதை நிதானமாகப் பார்த்து இல்லை என்றார். பிறகு தன் மகனின் படத்தை எடுத்து எங்களிடம் காட்டினார். அம்மாவும் அதை நிதானமாகப் பார்த்து இல்லை என்றார். ஒருவருக்கொருவர் எவ்வளவு மரியாதை. எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

திரும்பி வரும் பஸ்ஸில் அம்மா சொன்னார், "வேற முகாமும் கிடக்காம் புள்ள. மறுகா ஒருக்கா வருவம்."

அன்றைக்குத்தான் முடிவெடுத்தேன். இவர் இப்படியே வேலி வேலியாக அலைந்து சாகப் போகிறார். அந்தக் கிற்றார் உனக்காகக் காத்திருக்கும் வரை அவரும் காத்திருப்பார். அதை வேறு ஏதாவதாக மாற்றிவிட வேண்டும்.

நான் இப்போது போன் திருத்துகிறேன். சந்தியில் சின்னக் கடை. கட்டாரிலிருந்து வந்த ஒருவரின் போனில் கிடந்த படங்களில் ஒரு கிற்றாரைப் பார்த்தேன். உடம்பெல்லாம் பித்தளைச் சக்கரம், செப்புக் குழாய், ஆணி, மீற்றர். பழைய கரிக்கோச்சி ரயிலின் குடலைப் பிடுங்கி ஒட்டிவைத்த மாதிரி இருந்தது. ஸ்டீம்பங்க் என்று பெயராம். நீராவி இயந்திரங்கள் ஓய்ந்துபோகாமல் இன்றைக்கும் உலகத்தை ஓட்டிக்கொண்டிருந்தால் பொருட்கள் எப்படி இருக்கும் என்று கற்பனை பண்ணிச் செய்வார்களாம். நடக்காத ஒரு காலம். அதில் துருவும் பாசியும் அழகு, யாரும் மறைப்பதில்லை. உன் கிற்றாரில் கடல் தின்ற இடங்களை நினைத்துக்கொண்டேன்.

பிறகு விசர் பிடித்த மாதிரி அலைந்தேன். கடல் கொண்டுபோய்ப் போட்ட ஒரு பிரிஜ்ஜின் செப்புக் குழாயை அறுத்தெடுத்தேன். ஓடாத இரண்டு மேசை மணிக்கூடுகளைக் கழற்றினேன். காத்தான்குடியில் எல்லாரும் காக்கா என்று கூப்பிடும் பழைய இரும்புக் கடைக்காரரிடம், புழுங்கல் அரிசி ஆலையின் நீராவிப் பொயிலரில் இருந்த ஒரு மீற்றர் கிடைத்தது. கண்ணாடி வெடிக்காமல் இருந்தது.

"இது என்னத்துக்கு புள்ள?" என்று கேட்டார்.

"கிற்றாருக்குக் காக்கா."

"கிற்றாருக்கு ஏன் பொயிலர் மீற்றர்? நெல் அவிக்கப் போறியா அதில?"

அவரே சிரித்துவிட்டுக் கடதாசியில் சுற்றித் தந்தார்.

அம்மாவிடம், கிற்றாருக்குள் எறும்பு போகிறது, கடையில் வைத்துத் துப்புரவாக்கித் தருகிறேன் என்று பொய் சொன்னேன். உள்ளே திறந்தால் ஒரே உப்பு. கம்பியின் அதிர்வைப் பிடிக்கிற இரண்டு பிக்கப்பில் ஒன்றின் சுருள் செத்திருந்தது, மற்றதில் உயிர் இருந்தது. வொலியூம் திருகிக்குப் பதிலாகத் தண்ணீர்க் குழாயின் சின்னச் சக்கரப் பூட்டைப் பொருத்தினேன். போன் அதிர்கிற மோட்டர் ஒன்றை மீற்றருக்குள் வைத்துச் சின்னதாக ஒரு சேர்க்கிட் கட்டினேன். கம்பியைத் தட்டினால் முள் நடுங்கும். உனக்கு அது பிடித்திருக்கும் என்று நினைக்கிறேன். பிடிக்குமா?

பித்தளை பழசாகத் தெரிய வேண்டும், இல்லாவிட்டால் நகைக்கடை மாதிரி இருக்கும். உப்பும் வினாகிரியும் கலந்து பூசி, காயவிட்டு, திரும்பப் பூசி, மூன்று கிழமை மினக்கெட்டேன். கடைசியில் பச்சையும் கறுப்புமாய்ப் பாசி பூத்தது. கடலுக்குள் கிடந்து வந்தது மாதிரியே இருந்தது.

வீட்டுக்குக் கொண்டுவந்து அம்மாவின் கட்டிலில் வைத்தேன். அம்மா ஆணிகளைத் தடவிப் பார்த்தார். கிற்றாரைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார்.

"அவன் வந்து கேட்டா என்ன சொல்லுவாய்?"

"வரமாட்டான் அம்மா."

ஐந்து வருடத்தில் அந்த வார்த்தையை அவர் முகத்துக்கு நேரே நான் சொன்னது அன்றைக்குத்தான். அடிப்பார் என்று நினைத்தேன். அவர் எழும்பிப் போய் உலையை வைத்தார். அதற்குப் பிறகு ஒன்பது நாள் என்னோடு பேசவில்லை. சோறு மட்டும் நேரத்துக்கு வந்தது. செய்தது பெரிய பிழையோ என்று நான் கடைக்கும் வீட்டுக்கும் நடந்து நடந்து தேய்ந்தேன். நீயென்றால் என்ன செய்திருப்பாய்?

இன்று மத்தியானம் சாப்பிட வந்தேன். அம்மா கிணற்றடியில் குந்தியிருந்தார். பக்கத்தில் பழப்புளியும் சாம்பலும் தேங்காய்த் தும்பும். என் ஸ்குரூ டிரைவரை எடுத்து கிற்றாரின் சக்கரங்களையெல்லாம் கழற்றியிருக்கிறார். ஆணிகளை ஒரு சிரட்டையில் கவனமாகப் போட்டிருக்கிறார். சக்கரங்கள் புளி போட்டுத் தேய்த்து வெயிலில் பளபளவென்று கிடக்கின்றன. என் மூன்று கிழமைப் பாசி கிணற்றடி வாய்க்காலில் போய்க்கொண்டிருந்தது.

கத்திவிட்டேன். "என்ன வேலை அம்மா இது? எல்லாத்தையும் பாழாக்கிப் போட்டீங்களே. அது அப்பிடித்தான் இருக்கணும்."

அம்மா நிமிரவில்லை. தேய்த்துக்கொண்டே சொன்னார்.

"திவசத்துக்கு வைக்கிற பித்தளைய ஆராவது விளக்காம வைப்பாங்களா? நாளைக்குப் பறுவம்."

அப்போதுதான் பார்த்தேன். அவருக்குப் பின்னால் குத்துவிளக்கு, செம்பு, தாம்பாளம் எல்லாம் தேய்த்துக் கவிழ்த்திருந்தன. கடல் வந்த அன்றும் இதே மார்கழிப் பறுவம், முழுநிலவு நாள். அம்மா மாமாவுக்குச் சொல்லியனுப்பி, ஐயருக்கும் சொல்லிவிட்டார். என்னிடம்தான் சொல்லவில்லை.

"நீ சொன்னது சரிதான் புள்ள" என்றார். "அவனுக்கு ஒரு பிடி சோறு வைக்காம அஞ்சு வருசம் பட்டினி போட்டுட்டன்."

நான் கேட்க ஆசைப்பட்டது இதைத்தான் அண்ணா. இதற்காகத்தான் இவ்வளவு அலைந்தேன். ஆனால் கேட்டதும் கிணற்றுக் கட்டின் மேல் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். அம்மா புளிக்கையோடு வந்து என் தலையைப் பிடித்துக்கொண்டார். அழாதவர் அவர், அழுதவள் நான்.

ஏன் என்று இப்போதுதான் விளங்குகிறது. நான் தைரியமாய் நீ செத்துவிட்டாய் என்று எனக்குள் சொல்லிக்கொண்டு திரிந்ததே, வீட்டில் ஒருவர் உன்னை எதிர்பார்த்துக்கொண்டிருந்தார் என்ற நம்பிக்கையில்தான். வாசல் படலை திறக்கிற சத்தம் கேட்டால் அம்மா பார்ப்பார், நான் பார்க்க வேண்டியதில்லை. நாளையோடு அவர் பார்க்கமாட்டார். அந்த இடத்தை வெறுமையாக விட எனக்கு மனம் வரவில்லை.

நாளைக்கு ஐயர் உன் பெயரையும் நட்சத்திரத்தையும் கேட்பார். அம்மா சொல்லட்டும், நான் பக்கத்தில் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருப்பேன். உனக்குப் படைத்ததை வந்து சாப்பிடு. அதற்குப் பிறகு அம்மாவை எந்த வேலிக்கும் அலையவிடமாட்டேன், இது சத்தியம். இனி இந்த வீட்டில் படலையைப் பார்ப்பது நான். அம்மாவுக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்கிறேன்.

உன் தங்கச்சி,
வினோ