மல்பெரி மரத்தடி நிறுத்தம் இல்லை என்று ஒப்புக்கொண்டு அங்கே ரயிலை நிறுத்தக் கோரும் மனு

அனுப்புநர்:
பஸ்யூனி ஷம்லூல்,
விதைக்கடை,
எஸ்பத் ஷம்லூல்,
நைல் டெல்டா, எகிப்து.

பெறுநர்:
மேற்பார்வையாளர் அவர்கள்,
கிளை ரயில் பாதை அலுவலகம்,
கஃபர் நஸீம்.

பொருள்: எங்கள் ஊர் நிறுத்தம் கலைக்களஞ்சியத்தில் இடம்பெறத் தகுதியற்றது என ஏற்று, வண்டியை மீண்டும் நிறுத்தித்தர வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. முப்பத்தொரு ஆண்டுகளாக எங்கள் ஊர் மல்பெரி மரத்தடியில் காலை 6.40 வண்டியும் மாலை 5.10 வண்டியும் நின்றுவந்தன. பெயர்ப்பலகை கிடையாது. பெஞ்சு ஒன்று உண்டு. ஏற வேண்டியவர்கள் நீல நிறக் கெட்டிலைத் தூக்கிக் காட்டினால், ஓட்டுநர் உஸ்தா குத்ப் வண்டியை நிறுத்தி, டீயையும் ஆட்களையும் ஏற்றிக்கொள்வார். மாலையில் காலிக் கெட்டிலும் ஆட்களும் பத்திரமாக இறங்குவார்கள். சர்க்கரை போதவில்லை என்று இருமுறை புகார் சொன்னார், உடனே சரிசெய்யப்பட்டது.

2. என் மனைவி இன்ஸாஃப் நகர மருத்துவமனையில் சலவைப் பிரிவுத் தலைவி. பத்தொன்பது ஆண்டுகளாக இந்த வண்டியில்தான் போய்வந்தார். இதைத் தாங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

3. கடந்த ரமலானில் ஒரு பிற்பகல், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும், இணையக் கலைக்களஞ்சியம் ஒன்றில் எங்கள் நிறுத்தத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதினேன். மூன்றாம் நாளே 'டெல்டா பருந்து' என்பவர் அதை நீக்கச் சொன்னார். "இதெல்லாம் ஒரு ஸ்டேஷனா? டீக்கடைப் பக்கமா ரயில் ஓடுது, அவ்வளவுதான். பெஞ்சுல ஒக்காந்தா இடது கால் முறியுது" என்று எழுதினார். பெஞ்சின் இடது கால் முறிந்தபோது அதில் உட்கார்ந்திருந்தவர் ஒரே ஒருவர்தான்: பக்கத்து ஊர் மீத் ஸர்ஹானின் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் முதவல்லி. அவர் ஊர் நிறுத்தத்துக்குப் பெயர்ப்பலகை இருக்கிறது. அந்தத் திமிர்!

4. வாதம் பதினான்கு பக்கம் நீண்டது. அதிகாரப்பூர்வச் சான்று வேண்டும் என்றார்கள் கலைக்களஞ்சிய நடுவர்கள். மானப் பிரச்சினை ஐயா. சான்று கேட்டுத் தங்கள் அலுவலகத்துக்கு நானே கடிதம் எழுதினேன். "வேணாம் பஸ்யூனி. தூங்குற ஆபீஸ எழுப்பி, நான் இருக்கேனான்னு கேக்காத" என்றார் இன்ஸாஃப். நான் அவர் பேச்சைக் கேட்கவில்லை.

5. தங்கள் ஆய்வாளர் வந்தார். பெஞ்சை அளந்தார், மரத்தை அளந்தார், இரண்டு கிளாஸ் டீ குடித்தார். "எந்த வருஷம் தொறந்த ஸ்டேஷன் இது?" என்று கேட்டார். "தொறந்ததே இல்ல பாஷா. சும்மா நிக்கும்" என்று மரியாதையாகவே உண்மையைச் சொன்னேன். பதிவேட்டில் இப்படி ஓர் இடமே இல்லை என்று எழுதிவிட்டு, அதே இடத்தில் மாலை வண்டியேறிப் போனார்.

6. மறுநாள் காலை கெட்டிலை வாங்கிப் போன வண்டி மாலையில் நிற்கவில்லை. இன்ஸாஃப் உள்ளேதான் இருந்தார். சன்னல் வழியாக என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை மனுவில் எழுத இயலாது.

7. அன்றிலிருந்து அவர் நகரத்தில் அக்கா வீட்டில் இருக்கிறார். போன் செய்தால், "ரயில் நிக்கட்டும், எறங்குறேன். அதுவரைக்கும் ஒன் கலைக்களஞ்சியத்துக்கிட்டயே சோறு கேளு" என்கிறார். நாற்பத்து மூன்று நாளாக மூன்று வேளையும் அவித்த மொச்சை சாப்பிடுகிறேன். வீடு வீடாக இல்லை ஐயா. கெட்டில் தினமும் இருமுறை எஞ்சின் சன்னலில் தொங்கியபடி எங்களைக் கடந்துபோகிறது. ஊரில் ஒருவரும் என்னுடன் பேசுவதில்லை.

8. ஆய்வாளர் விடவில்லை. மீத் ஸர்ஹானையும் பதிவேட்டில் தேடியிருக்கிறார். பலகை மட்டுமே பதிவாகியிருக்கிறதாம், நிறுத்தம் இல்லையாம். இப்போது அங்கும் வண்டி நிற்பதில்லை. மறுநாளே முதவல்லி வாத்தியார் என் கடைக்கு வந்து, "பேனா இருக்கா?" என்று கேட்டார். இம்மனுவின் முதல் கையொப்பம் அவருடையது.

ஆகவே ஐயா, எங்கள் நிறுத்தம் இல்லை என்று எத்தனை பிரதி வேண்டுமானாலும் எழுதி முத்திரையிட்டுக்கொள்ளுங்கள். கலைக்களஞ்சியப் பக்கம் போனது போனதாகவே இருக்கட்டும். அந்த இல்லாத இடத்தில், தினம் இருவேளை, ஒரு நிமிடம் வண்டி நின்றால் போதும். டீ எங்கள் பொறுப்பு.

இடம்: மல்பெரி மரத்தடி (பதிவேட்டில் இல்லை)
நாள்: 12.11.2019

தங்கள் உண்மையுள்ள,
பஸ்யூனி ஷம்லூல்

இணைப்பு: இரண்டு ஊராரின் கையொப்பங்கள் 62. என் மனைவியின் கையொப்பம் இதில் இல்லை. வண்டி நின்றால் நேரில் இறங்கிவந்து போடுவதாகச் சொல்லியிருக்கிறார். அவருக்காக அறுபத்து மூன்றாம் வரியைக் காலியாக விட்டிருக்கிறேன்.