மாப்பிள்ளையின் காய்ச்சலும் ஞாயிற்றுக்கிழமை விருந்தும்

சேலையூர்,
கிழக்குத் தாம்பரம்.
நவம்பர் 27

அன்புள்ள சுப்ரஜாவுக்கு அம்மா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே நான், அப்பா, மாப்பிள்ளை மூன்று பேரும் சௌக்கியம். மூன்றாவது ஆள் சௌக்கியம் என்பதை வேண்டுமானால் இன்னொரு தடவை படித்துக்கொள், காலையிலிருந்து நானே அதைத்தான் வாய்க்குள் சொல்லிக்கொண்டு திரிகிறேன். நேற்று எடுத்த ரத்தப் பரிசோதனையில் பிளேட்லெட் ஒரு லட்சத்து அறுபதாயிரம் வந்துவிட்டது, விமானத்தில் போகலாம் என்று டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார், அப்பா அதை நாலு ஜெராக்ஸ் எடுத்து அவருடைய ஒவ்வொரு பையிலும் ஒன்று வைத்திருக்கிறார். பெர்கனில் மழை எப்படி, நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, குரல் கம்மியிருக்கிறதே, சளியா அழுகையா எனக்குத் தெரியவில்லை. தினமும் வீடியோவில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். ஃபோனில் சொல்ல நாலு தடவை ஆரம்பித்தேன், நாலு தடவையும் ரசப்பொடியைப் பற்றிப் பேசி முடித்துவிட்டேன். விஷயம் இதுதான். உடம்பு சரியில்லாததை யாரிடமும் சொல்லாமல் மறைத்து உயிரோடு விளையாடிவிட்டார் என்று மாப்பிள்ளை எய்ரிக் மேல் நீ கோபமாக இருக்கிறாய். ஆஸ்பத்திரிப் படுக்கையில் கிடந்தவரை நீ ஃபோனில் திட்டியது பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது, அதற்கப்புறம் அவரோடு நீ சரியாகப் பேசுவதில்லை என்பதும் தெரியும். அந்தக் கோபம் தப்பான ஆள்மேல் விழுந்திருக்கிறது. நடுவில் தூக்கிப் போட்டுவிடாமல் முழுக்கப் படி.

காட்டாங்குளத்தூர் பல்கலைக்கழகத்தில் மூன்று வார வேலை என்று அவர் வந்தபோது அங்கேயே கெஸ்ட் ஹவுஸ் கொடுத்தார்கள், நான்தான் விடவில்லை. நீங்கள் இரண்டு பேரும் அங்கே ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டதற்காக ஒன்றரை வருஷம் உன்னோடு பேசாமல் இருந்தவள் நான், அதையெல்லாம் இந்த மூன்று வாரத்தில் சாப்பாடு போட்டே சரிக்கட்டிவிடலாம் என்று ஒரு கணக்கு. மாடி அறையை ஒழித்துக் கொடுத்தேன். காலையில் தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி பொத்தேரியில் இறங்கிப் போவார், அரைக்கைச் சட்டைதான், சாயங்காலம் வந்ததும் நீ கொடுத்தனுப்பிய கொசு மருந்தைக் கை கால் எல்லாம் அடித்துக்கொள்வார். பகலில் கடிக்கிற கொசுதான் டெங்குவைக் கொண்டுவரும் என்று அவருக்கு நாங்கள் சொல்லவில்லை, நமக்குக் கொசு என்றால் ஆறு மணிக்கு ஜன்னலைச் சாத்துவதோடு சரி. மாநகராட்சியிலிருந்து வாரா வாரம் தண்ணீர்த் தொட்டியில் புழு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்க பேபி என்று ஒரு அம்மாள் வருவாள். எங்கள் வீடு சுத்தமாகத்தான் இருக்கிறது, வீட்டில் விருந்தாளி இருக்கிறார் என்று இரண்டு வாரம் அவளைக் கேட்டிலேயே நிறுத்திக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். மாடி ஃபிரிட்ஜுக்குப் பின்னால் தண்ணீர் சேர்கிற தட்டில் புழு நெளிந்துகொண்டிருந்தது பிறகுதான் தெரிந்தது. சுத்தமான வீடாம்.

வியாழக்கிழமை சாயங்காலம் நூற்றிரண்டு காய்ச்சலோடு வந்தார். கண்ணுக்குப் பின்னால் வலிக்கிறது, இடுப்பு விட்டுப்போகிறது என்றார். வெயில் பட்டது, தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று நானே டாக்டர் ஆகிவிட்டேன். பாராசிட்டமால் கொடுத்தேன், நிலவேம்புக் கஷாயம் கொடுத்தேன், முகத்தைக்கூடச் சுளிக்காமல் குடித்தார், நீ ஒரு நாளாவது அப்படிக் குடித்திருக்கிறாயா. வெள்ளிக்கிழமையும் காய்ச்சல். சனிக்கிழமையைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன், எனக்குக் கொஞ்சம் தைரியம் வரட்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் தொட்டுப் பார்த்தால் உடம்பு சில்லென்று இருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்குத்தான் நம் ஜனங்கள் இருபத்திரண்டு பேரைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தேன், மாப்பிள்ளையை இதுவரை யாருமே பார்த்ததில்லையே. வெந்நீர் போட்டுக் குளிக்கச் சொல்லி அப்பாவின் பட்டுக்கரை வேஷ்டியைக் கட்டிவிட்டு ஹாலில் உட்கார வைத்தோம். மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தார். பத்ரி மாமா பக்கத்தில் உட்கார்ந்து அந்த ஊர் மீன் விலையெல்லாம் விசாரித்தார். அந்தப் படத்தைத்தான் உனக்கு அனுப்பினேன், நீயும் இதயம் போட்டாய். கன்னமெல்லாம் சிவந்திருக்கிறதே, மாப்பிள்ளைக்கு வெட்கம் என்று உன் சித்தி சொல்லி எல்லாரும் சிரித்தோம். அது வெட்கம் இல்லை, டெங்குவின் தடிப்பு.

திங்கட்கிழமை காலையில் பேபி வந்தாள். அன்றைக்கு என்னவோ அவள் கேட்டில் நிற்கவில்லை, நேரே மாடிக்கு ஏறிவிட்டாள். ஏறின வேகத்தில் இறங்கி வந்து, இன்னாம்மா, வெள்ளக்கார சார் படிக்கட்டுல வயித்தப் புடிச்சுகினு குந்திகினு கீறாரு, பல்லுல ரத்தம் வருது, நீ இன்னா காபி போட்டுகினு கீற என்று கத்தினாள். காய்ச்சல் விட்டுவிட்டதே என்று நான் சொன்னேன். விட்டப்பறந்தாம்மா பேஜாரு, எங்க வூட்டாண்ட ஒரு பொண்ணு இப்டித்தான் போச்சு, கெளம்பு கெளம்பு என்று அவளே தெருமுனைக்கு ஓடி டேனியலின் ஆட்டோவைக் கூட்டிவந்து தானும் ஏறி அவரைத் தோளில் சாய்த்துக்கொண்டாள். அவள் கையில் தொட்டியில் ஊற்றுகிற புழு மருந்து பாட்டில் இருந்தது, கீழே வைக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. ஜி.எஸ்.டி. ரோட்டில் அன்றைக்கு இருந்த நெரிசலில் குரோம்பேட்டை போய்ச் சேர முக்கால் மணி நேரம், நான் வேண்டாத சாமி இல்லை.

பிளேட்லெட் பதினெட்டாயிரம், ரத்த அழுத்தம் இறங்கியிருந்தது, நேரே ஐசியூ. இந்தக் காய்ச்சலில் காய்ச்சல் விடுகிற நாளில்தான் ஆபத்து ஆரம்பிக்கிறது, நாம் எல்லாரும் அன்றைக்குத்தான் நிம்மதியாகிவிடுகிறோம் என்று டாக்டர் சொன்னார். இன்னும் ஒரு ராத்திரி விட்டிருந்தால் என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அட்மிஷனில் பாஸ்போர்ட் கேட்டார்கள், அது பூட்டின பெட்டிக்குள், சாவி எங்கே என்று சொல்கிற நிலையில் அவர் இல்லை, அப்பா வீட்டுக்கு ஓடிப் பெட்டியின் பூட்டையே உடைத்து எடுத்துவந்தார். இன்ஷூரன்ஸ்காரர்களுக்கு உடனே தகவல் சொல்ல வேண்டுமாம், அந்த நம்பருக்கு அடித்து, டெலிஃபோன் இலாகாவில் முப்பத்தெட்டு வருஷம் பேசாத இங்கிலீஷையெல்லாம் அப்பா அன்றைக்குப் பேசித் தீர்த்தார். ஷீலா என்று ஒரு நர்ஸ், மார்த்தாண்டத்துப் பெண், மாப்பிள்ளை குடிக்கிற தண்ணீரையும் போகிற தண்ணீரையும் அளந்து எழுதச் சொன்னாள், அப்பா காலண்டர் தாளின் பின்பக்கத்தில் டம்ளர் டம்ளராக எழுதினார், கஞ்சி, இளநீர், உப்புச் சர்க்கரைத் தண்ணீர் எல்லாம் நேரத்தோடு. மூன்றாம் நாள் காலையில் பிளேட்லெட் நாற்பதாயிரத்துக்கு ஏறியது என்று ஷீலா சொன்னபோது அந்த மனுஷர் வராந்தாவில் போய் நின்று அழுதார். எதற்கு அழுகிறீர்கள் என்று அதட்டிவிட்டு நானும் அழுதேன். போன வாரம் குன்றத்தூர் மலையேறி வேண்டுதலை முடித்துவிட்டோம், அப்பாவுக்கு முட்டிவலி இன்னும் விடவில்லை, ஆனால் குறை சொல்லவில்லை.

அடுத்த தடவை இரண்டு பேரும் வரும்போது பகலிலும் முழுக்கைச் சட்டை, பகலிலும் கொசு மருந்து. பாஸ்போர்ட் நகலும் இன்ஷூரன்ஸ் நம்பரும் சட்டைப்பையில் இருக்கட்டும். வலி மாத்திரை எதையும் தானாகப் போடக் கூடாது, இதில் சில மாத்திரைகள் ரத்தக்கசிவை அதிகப்படுத்துமாம், பாராசிட்டமால் மட்டும்தான் என்றார்கள். ஒரு தடவை வந்தவருக்கு மறுபடி வந்தால் இன்னும் கடுமையாக இருக்கலாமாம், அங்கே உங்கள் டாக்டரிடம் சொல்லி வை. பேபி இப்போது வந்தால் சமையலறைவரை வருகிறாள், காபி குடித்துவிட்டுத்தான் போகிறாள், என்னை அதட்டுகிறாள், நான் கேட்டுக்கொள்கிறேன்.

இனிமேல் தள்ளிப்போட முடியாது. சனிக்கிழமை காலை ஏழு மணி இருக்கும். அப்பா வாக்கிங் போயிருந்தார். நான் மறுநாள் விருந்துக்கு வடைக்கு எத்தனை ஆழாக்கு ஊறவைக்கலாம் என்று யோசித்துக்கொண்டு நிற்கிறேன், மாப்பிள்ளை சுவரைப் பிடித்துக்கொண்டு மாடியிலிருந்து இறங்கி வந்தார். கிளம்புவதற்கு முன் உங்கள் ஊர் கிளினிக்கில் கொடுத்த, காய்ச்சல் வந்தால் உடனே டாக்டரைப் பார்க்கச் சொல்கிற காகிதம் கையில் இருந்தது. அம்மா, டாக்டர் போலாமா என்று கேட்டார். தமிழில் கேட்டார், சுப்ரஜா. வந்த நாளிலிருந்து என்னை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் சிரித்தே சமாளித்தவர், அன்றைக்குத்தான் முதல் தடவையாக அம்மா என்றார். எனக்கு அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது, மீதியை நான் காதில் வாங்கவே இல்லை. பூரித்துப்போய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். இது ஒன்றும் இல்லை, டாக்டரிடம் போனால் படுக்க வைத்துவிடுவார்கள், நாளைக்கு எல்லாரும் உங்களைப் பார்க்க வருகிறார்கள், ஒரே ஒரு நாள், திங்கட்கிழமை நானே கூட்டிப்போகிறேன் என்றேன். ஓகே அம்மா என்று சொல்லிவிட்டு மறுபடி சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறிப் போனார். இது அப்பாவுக்கும் தெரியாது.

நீ ஃபோனில் திட்டியபோது நான் இளநீரைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில்தான் நின்றேன். அவரோ, பயணக் களைப்பு என்று நினைத்தேன், யாரிடமும் சொல்லவில்லை, தப்பு என்னுடையது என்று உன்னிடம் சொல்லிக்கொண்டே என்னைப் பார்த்து வேண்டாம் என்று தலையை ஆட்டினார். நான் வாயை மூடிக்கொண்டேன். அவர் மறைக்கச் சொன்னதனால் மட்டும் இல்லை, எனக்கும் அது சௌகரியமாக இருந்தது. ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று பிறகு கேட்டேன், நீங்களும் சுப்ரஜாவும் இப்போதுதானே பேச ஆரம்பித்திருக்கிறீர்கள் என்றார்.

இதை அவர் பையிலேயே வைத்து அனுப்புகிறேன். பேச வந்த அளவு அவருக்குத் தமிழ் படிக்க வரவில்லை, அதுவும் நல்லதாயிற்று, என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்தால் உன்னிடம் கொடுக்கமாட்டார். நீ என்னோடு எத்தனை நாள் பேசாமல் இருந்தாலும் அது எனக்கு வரவேண்டியதுதான், நான் கேட்கமாட்டேன். ஆனால் இப்போதே எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார். மீதியைப் பிறகு படிக்கலாம், மீதி வெறும் ஆசீர்வாதம்தான்.

இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும். அப்பா தனியாக ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார். பத்து நாள் கழித்து மறுபடி ஒரு ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும், மறக்காதே. இனிமேல் எந்த ஊரிலும் எந்த நாளிலும் டாக்டரிடம் போகலாமா என்று அவர் கேட்டால், வீட்டில் யார் வந்திருந்தாலும் சரி, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பு.

இப்படிக்கு,
உன் அம்மா
அபிதகுஜாம்பாள்