மாவுக்கட்டு வயிறு

14 ஆகஸ்ட் 2009, வெள்ளி. கடலூர்

ஏழாம் வகுப்புக்குக் காகிதப்பூ செய்யச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். சேலைக்குள் கட்டியிருந்த தலையணை இடுப்புப் பக்கம் சரிந்துவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு பாத்ரூமுக்கு ஓடினேன். "டீச்சருக்கு வாந்திடி" என்றாள் ஒருத்தி. நான் சொல்ல வேண்டிய பொய்யைப் பிள்ளைகளே சொல்லி முடித்துவிட்டார்கள்.

கல்யாணமாகிப் பத்து வருஷம். எத்தனை ஆஸ்பத்திரி, மாதா கோயிலில் எத்தனை நவநாள் ஜெபம். சிதம்பரத்தில் இருக்கும் என் தங்கை நித்யாவுக்கு மூன்றாவது தங்கியதும் அவளேதான் சொன்னாள்: "எனக்கு ரெண்டு பொண்ணு போதும்க்கா. இத நீ எடுத்துக்க." அவள் புருஷன் தங்கராசுவும் சரியென்றார்.

ஊரறியத் தத்து எடுத்தால் என்ன என்று என் வீட்டுக்காரர் ஜெனித் கேட்டார். தெருக்குழாயில் ஒரு சண்டை வந்தால் போதுமே, "நீ அவ பெத்த புள்ளயாடா?" என்று அதன் முகத்துக்கு நேரே கேட்பார்களே! என் பிள்ளை அதைக் கேட்கவே கூடாது. அதனால்தான் நான் உண்டாகியிருக்கிறேன் என்று மாமியாரிடமும் சொல்லியாயிற்று. செக்கப் என்ற பெயரில் சிதம்பரம் போகிறேன். அம்மா இல்லாததால் பிரசவமும் தங்கை வீட்டில்தான் என்று பேச்சு.

தலையணை இனி உதவாது. நிஜ வயிறு மாதிரி ஒன்று வேண்டும்.

22 ஆகஸ்ட்

ஜெனித் சிப்காட்டிலிருந்து ஷிப்ட் முடிந்து வந்தார். தலையணையைப் பார்த்தார். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

5 செப்டம்பர், சனி. சிதம்பரம்

இன்று நித்யா வயிற்றை அச்சு எடுத்துவிட்டேன்.

தங்கராசு பெண்கள் இரண்டையும் ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போனார். கதவைச் சாத்தி, தரையில் பேப்பர் விரித்து, நித்யாவை நாற்காலியில் சாய்த்து உட்காரவைத்தேன். வயிறு முழுக்க வாசலைன். கோயிலில் கிறிஸ்துமஸ் குடில் பொம்மைகளுக்கு வாங்குகிற அதே பிளாஸ்டர் மாவு. ஆஸ்பத்திரியில் கை உடைந்தவர்களுக்குப் போடுகிற மாவுக்கட்டு மாதிரிதான். வலைத்துணியைப் பட்டை பட்டையாகக் கத்தரித்து, கரைத்த மாவில் முக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டினேன்.

"ஐயோ, சில்லுன்னு இருக்குக்கா! உம்புள்ளைக்குச் சளி புடிக்கப் போவுது" என்று சிரித்தாள். எப்போதும் 'உம்புள்ள'தான். உம்புள்ள தூங்க வுடல, உம்புள்ளைக்கு மாங்கா வேணுமாம்.

மாவு இறுக இறுகச் சூடு ஏறியது.

"சுடுதுக்கா."

"காயும்போது சுடத்தான் செய்யும். கொஞ்சம் இரு."

அப்போது உள்ளே ஓர் உதை. தொப்புளுக்குக் கீழே ஈரப்பட்டை எழும்பியது. மறுபடியும் ஒன்று.

"எடுக்கா! எடுத்துடு! எம்புள்ள பயப்படுதுக்கா!"

எம்புள்ள.

பதறிப்போய் எடுத்தேன். தோல் சிவந்திருந்தது. எண்ணெய் தடவினேன். இரண்டு கையாலும் வயிற்றை அணைத்துக்கொண்டு அவள் யாரிடமோ பேசுவது போல முணுமுணுத்தாள். என்னிடம் இல்லை.

இறுகிய மாவு ஓட்டில் எந்தக் குறையும் இல்லை. உதைத்த இடத்தில் மட்டும் கொட்டைப்பாக்கு அளவுக்கு ஒரு மேடு நின்றுவிட்டது.

9 செப்டம்பர்

ஓட்டுக்குள்ளே பழைய புடவை வைத்துத் தைத்து, நாடா போட்டுக் கட்டிக்கொண்டேன். பஸ்ஸில் ஒரு பெரியவர் எழுந்து, "உக்காரும்மா" என்றார். உட்கார்ந்தேன். பள்ளிக்கூடம் இருக்கிற புதுச்சத்திரம் வரைக்கும் வயிற்றின்மேல் கை வைத்தபடியே வந்தேன். பொய் என்று தெரியும். அப்படியும் சந்தோஷமாக இருந்தது.

20 செப்டம்பர்

சமையல் மேடையில் வயிறு 'டொக்'கென்று இடித்தது. அத்தை வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார், தலையைத் தூக்கவில்லை. கேட்டிருக்குமா? கேட்டிருந்தால் சும்மா இருப்பாரா?

3 அக்டோபர்

நித்யா போனில் சரியாகவே பேசுவதில்லை. குழந்தை என்கிறாள், பாப்பா என்கிறாள். 'உம்புள்ள' என்று சொல்லவே மாட்டேன் என்கிறாள்.

மாதாவே, அவ மனசு மாறக் கூடாது — இது என்ன ஜெபம்? தங்கச்சி கிட்டேருந்து புள்ளய புடுங்கிக் குடுன்னு ஒரு ஜெபமா? அப்படித்தான். அப்படித்தான் கேக்குறேன். பத்து வருஷமா நல்லபடியா கேட்டுப் பாத்துட்டேனே, குடுத்தியா?

தூங்கும்போது அந்த மேட்டைத் தடவிக்கொண்டே படுக்கிறேன்.

11 நவம்பர். சிதம்பரம்

பையன்.

"எடுத்துக்கக்கா" என்றாள் நித்யா, சுவரைப் பார்த்துக்கொண்டு. வாசலில் தங்கராசு, "குடுத்த வாக்கு குடுத்ததுதான்" என்றார். யாரும் மாட்டேன் என்று சொல்லவில்லை. தூக்கிக்கொண்டேன். என் பிள்ளை, என் பிள்ளை என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். வீறிட்டு அழுதான். அவன் அழ அழ, அவள் நைட்டி மார்பில் நனைந்துகொண்டே வந்தது. அப்போதும் அவள் திரும்பவில்லை.

அவள் பக்கத்திலேயே படுக்கவைத்தேன். "பசிக்குது அவனுக்கு. நீயே வச்சுக்க."

நான் ஒன்றும் தியாகி இல்லை. அவள் ஒரு தடவை திரும்பிச் சிரித்திருந்தால் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பேன்.

பாத்ரூமில் போய் நாடாவை அவிழ்த்தேன். முடிச்சு இறுகிக் கிடந்தது. பல்லால் இழுத்தேன்.

12 நவம்பர். கடலூர்

வயிறு கட்டைப்பையில். அத்தை கதவைத் திறந்தார்.

"அத்தே, நான் —"

"தெரியும். அன்னைக்கே மேடையில டொக்குன்னுச்சே. எப்புடியோ பேரப்புள்ள வூட்டுக்கு வந்தா போதும்னுதான் நானும் வாய மூடிக்கிட்டு கெடந்தேன்." பையை வாங்கிக்கொண்டார். "கொழந்த தங்கலன்னு தெருவுக்கு நான் சொல்லிக்கிறேன். நீ போய்ப் படு."

14 நவம்பர்

தெருவே வந்து துக்கம் விசாரித்தது. முன்பொரு குழாயடிச் சண்டையில் என்னை மலடி என்று ஏசியவள்தான் முதலில் கட்டிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். அந்த அழுகை மட்டும் பொய்யில்லை.

ஜெனித், "அத ஒடச்சுடட்டுமா?" என்றார். வேண்டாம் என்றேன். மேடு இருந்த இடத்தைக் காட்டினேன். விரலை வைத்தவர் எடுக்கவே இல்லை.

27 டிசம்பர், ஞாயிறு. சிதம்பரம்

பையனுக்கு ஞானஸ்நானம். எங்கள் அப்பா பெயர்தான், ஞானப்பிரகாசம். ஞானத்தாய் நான். போக வேண்டாம் என்றுதான் நினைத்தேன். அத்தைதான் பட்டுப்புடவை எடுத்துவைத்து அனுப்பினார்.

கோயிலில் நித்யா அவனை என் கையில் கொடுத்துவிட்டு என் முகத்தையே பார்த்தாள்.

தண்ணீர் பட்டதும் வீறிட்டுக் காலை உதறினான். என் வயிற்றில் விழுந்தது ஓர் உதை.

நன்றாகவே வலித்தது.