நீங்கள் சொன்ன புங்கமரம்

உங்கள் பட்டாளத்துச் சட்டையை இன்று காலை வெயிலில் போட்டேன். பெட்டியைத் திறந்ததும் பாச்சை உருண்டை வாசம் முகத்தில் அடித்தது. இந்த உப்புக்காற்றில் எதுதான் நிலைக்கிறது? பித்தளைப் பொத்தான்களில் பச்சை ஏறியிருந்தது. புளி போட்டுத் தேய்க்க உட்கார்ந்தால் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இரண்டு முறை எழுந்து வாசல்வரை போய்வந்தேன். உங்களிடமிருந்து ஒட்டிக்கொண்ட வியாதி இது.

நாடு சுதந்திரம் அடைந்த வருஷம் நெஞ்சில் மெடலோடு வந்து இறங்கினீர்கள். இனி என் புருஷன் வீட்டில் இருப்பார் என்று நான் நினைத்தது பைத்தியக்காரத்தனம். ஜில்லா போர்டுத் தலைவராக்கி ஊரே உங்களைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. இன்று மண்டபம் ஊரில் பள்ளிக்கூடத் திறப்பு, நாளை தொண்டியில் பாலத்துக்குக் கல் நடுதல். மேடையில் போட்ட நாற்காலியில் கால் மணி நேரம் சேர்ந்தாற்போல உட்கார மாட்டீர்கள். சோற்றிலும் பாதியில் எழுந்து ஜன்னலுக்குப் போவீர்கள். "ஒங்களுக்கு எல போடுறதுக்குப் பதிலா ஜீப்புலயே பரிமாறிரலாம்" என்பேன். சிரிப்பீர்கள், ஆனால் உட்கார மாட்டீர்கள்.

எல்லா ஊருக்கும் போன அந்த ஜீப், திருவாடானைக்குக் கிழக்கே ஓர் ஊர்ப் பக்கம் மட்டும் திரும்பாது. காரணம் எனக்குத் தெரியும். பர்மாவில் ஆற்றைக் கடக்கும்போது உங்கள் பக்கத்தில் குண்டடிபட்டு விழுந்த சிப்பாய் அந்த ஊர்க்காரன். அந்த ஆற்றைக் கடந்ததற்குத்தான் உங்களுக்கு மெடல். அவன் பெண்டாட்டி முகத்தில் விழிக்க உங்களுக்குத் தைரியம் வரவில்லை.

கடைசியில் அய்யனார் கோயில் புரவியெடுப்பு உங்களை அங்கே இழுத்தது. மண்குதிரைகளைத் தோளில் தூக்கிக் கிளம்புமுன் முதல் பரிவட்டத் துண்டை யார் தலையில் கட்டுவது என்று ஊரில் கரை என்று சொல்லும் இரண்டு வகையறாக்களுக்கும் தகராறு. அரிவாள்வரை போய்த் திருவிழாவே நின்றிருந்தது. சமரசம் பேசப் போர்டுத் தலைவர் வந்தாக வேண்டும் என்றார்கள். நானும் கூட வந்தேன். பேச்சு வெயில் சாயும்வரை இழுத்தது. ஒரு பெரியவர்தான் வழி சொன்னார்.

"எங்களுக்கும் வேணாம், அவுகளுக்கும் வேணாம். மேஜரய்யாவுக்கே கட்டுங்க."

இரண்டு பக்கமும் தலையாட்டின. பூசாரி துண்டைத் தூக்கினார். நீங்கள் தலை குனியவில்லை. அதைக் கையில் வாங்கிக்கொண்டு, பெண்கள் கூட்டத்தின் ஓரத்தில் நின்ற அந்தச் சிப்பாயின் பெண்டாட்டியிடம் போனீர்கள். தாலியறுத்தவளுக்குப் பரிவட்டமா என்று எனக்கே பதறியது.

"இது ஒன் வீட்டுக்காரனுக்குச் சேரணும் தாயி."

அவள் கை நீட்டவில்லை. "துண்ட வச்சு நா என்னய்யா செய்ய? அவுகள எங்கன அடக்கம் பண்ணுனீங்க? அத ஒருத்தரும் சொல்ல மாட்டேங்கிறாக."

நீங்கள் அப்படியே மணலில் உட்கார்ந்தீர்கள். நீங்கள் அசையாமல் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான்.

"ஆத்தங்கரையில தாயி. ஒரு புங்கமரத்தடியில. நானே மண்ணள்ளிப் போட்டேன்."

"நெழலு இருக்குமா?"

"நல்ல நெழலு."

அவள் வாய்விட்டு அழுதாள். பிறகு துண்டை வாங்கி, முன்னால் நின்ற மண்குதிரையின் கழுத்தில் கட்டினாள். இரண்டு கரைக்காரர்களும் குதிரையைச் சேர்ந்தே தூக்கினார்கள். இன்றுவரை அங்கே முதல் பரிவட்டம் குதிரைக்குத்தான்.

திரும்பும் வழியில் ஜீப்பில் சொன்னீர்கள். "மரமும் இல்ல, குழியும் இல்ல. ஆத்தோட போயிட்டான். தேடக்கூட நிக்கல நாங்க." எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அந்தப் பெண்ணிடம் போய்ப் பொய் சொல்வதா? கேட்க வாயெடுத்தேன். நீங்கள் ஜீப்பை நிறுத்தச் சொல்லி இறங்கி நடக்க ஆரம்பித்தீர்கள், விட்டுவிட்டேன்.

அதிலிருந்து ஒவ்வொரு வருஷமும் திருவிழா முடிந்த மறுநாள் அவள் கருவாட்டுப் பொட்டலத்தோடு நம் வீட்டுக்கு வருவாள். அந்த மரத்தைப் பற்றிக் கேட்பாள். நீங்கள் கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தபடி சொல்வீர்கள். உங்கள் பேச்சில் ஒரு வருஷம் மரம் பூத்தது. அடுத்த வருஷம் பூ உதிர்ந்து தரையே தெரியவில்லை. "ஒரு பொய்க்கு இம்புட்டுப் பூவா?" என்று கேலி செய்தேன். அதற்கு மட்டும் நீங்கள் சிரிக்கவில்லை.

நீங்கள் போன பிறகு வந்த முதல் திருவிழா நேற்றோடு முடிந்தது. அவள் வரும் நாள் என்றுதான் சட்டையை வெளியே எடுத்தேன். பொத்தான் தேய்த்து முடிக்குமுன்பே வந்துவிட்டாள். கருவாட்டுக் கையைக் கழுவித் துடைத்துவிட்டுச் சட்டையைத் தொட்டுப் பார்த்தாள்.

"அய்யாதான் இல்ல. நீங்களாச்சும் சொல்லுங்கம்மா."

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனிவரை வந்தது. நீங்கள் பாட்டுக்குப் போய்விட்டீர்கள், இதை நான் எத்தனை காலம் சுமப்பது? எழுந்து நடந்தேன். ஆற்றங்கரை என்றேன். புங்கமரம் என்றேன். பூவையும் நிழலையும் நீங்கள் சொன்னபடியே சொன்னேன். உங்களிடம் ஒருபோதும் கேட்காததை அவள் என்னிடம் கேட்டாள்.

"குருவி கிருவி வந்து அடையுமாம்மா? அவுகளுக்குச் சத்தம் வேணும். தனியாக் கெடக்க மாட்டாக."

"அடையும். பொழுது சாஞ்சா ஒரே இரைச்சல்தான்."

அவள் முகம் தெளிந்து பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டாள். நான்தான் இன்னும் கூடத்தில் நடந்துகொண்டிருக்கிறேன். அடுத்த வருஷம் குருவியையும் மறக்காமல் சொல்ல வேண்டும்.